நாலாவது காவலாளி

கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னீங்கல்ல தம்பி? அப்ப உங்ககிட்டதான் கேக்கணும். ஜன்னலைச் சாத்த வேணாம், காத்து வரட்டும். ஒரே ஒரு சந்தேகம். கட்டங்கட்டமா சந்து. அதுக்குள்ள ஒரு பொண்ணு ஓடுறா. பின்னாடியே ஒருத்தன் துரத்துறான். சந்து ரெண்டா பிரியிற இடத்துல அவன் எந்தப் பக்கம் திரும்பணும்? சொல்லுங்க பாப்போம்.

முழிக்காதீங்க. விளையாட்டைத்தான் சொல்றேன். நானே எழுதின வீடியோ கேம். மேல கேரியர்ல ஊதாப் பை இருக்கு பாருங்க, அதுல லேப்டாப். கேம் அதுக்குள்ளதான் இருக்கு. பஸ்ஸு மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள உங்களுக்குக் காட்டுறேன். தூங்கப் போறீங்களா? பெரம்பலூர்கூட தாண்டலையே, அதுக்குள்ள என்ன தூக்கம்.

என் பேரு குருநாதன். அருப்புக்கோட்டையில ஒரு நூல் மில்லுல கம்ப்யூட்டர் செக்ஷன். இருபத்தெட்டு வருஷம். முந்நூத்திப் பத்துப் பேருக்கு ஷிப்டு போடுற புரோகிராம் நான் எழுதினது. யாரு காலையில வரணும், யாரு மத்தியானம் வரணும், யாரு யாரோட சேர்ந்து நிக்கக் கூடாது, எல்லாம் என் கையில. ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்ல. சொன்னான்னா அடுத்த வாரம் அவனுக்கு எந்த ஷிப்டு வரும்னு அவனுக்கே தெரியும். சரி, அது கிடக்கட்டும்.

எனக்கு ஒரே பொண்ணு. சங்கமித்ரா. பாப்பான்னு கூப்பிடுவேன். காலேஜு முடிச்சு ஏப்ரல்ல வீட்டுல வந்து உக்காந்தா. அதுவும் கம்ப்யூட்டர்தான் படிச்சா, என் ரத்தமாச்சே. மில்லுலயே எனக்குப் பக்கத்து நாற்காலிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். மேனேஜரும் சரின்னுட்டாரு. ஜூலையில சேர்ற மாதிரி. காலையில என் வண்டியில வரலாம், சாயங்காலம் என் வண்டியில போகலாம். இதைவிட ஒரு பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க.

அந்த ரெண்டு மாசம் பாப்பா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருந்தா. நான் யோசிச்சேன். போர் அடிக்குது பிள்ளைக்கு. சரி, நம்ம கையால ஒரு கேம் எழுதிக் குடுப்போம்னு கிராப் பேப்பர் வாங்கிட்டு வந்தேன். பத்தொம்பதுக்கு இருபத்தொண்ணு கட்டம். சுவருன்னா ஒண்ணு, வழின்னா பூஜ்யம். வழியெல்லாம் மிட்டாய். நடுவுல ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை. அவ மிட்டாய் எல்லாத்தையும் தின்னுட்டு மேலே இருக்கிற வாசல் வழியா வெளிய போயிட்டா ஜெயிச்சா. அவளைப் பிடிக்கிறதுக்கு ஆளுங்க. பாப்பா அதுகளைப் பேய்ம்பா. எனக்குப் பிடிக்காது. காவலாளின்னு சொல்லுன்னு சொல்வேன். துரத்துறவனெல்லாம் பேயா? கண்ட இடத்துல கண்ட பிள்ளை ஓடினா ஒருத்தன் பின்னாடி போய்ப் பாக்க வேணாமா?

முதல் காவலாளி சிவப்பு. அவனுக்கு நான் எழுதினது ரொம்ப எளிசு. சந்து பிரியிற இடம் வந்தா, எந்தப் பக்கம் போனா அவளுக்குக் கிட்ட ஆகுமோ அந்தப் பக்கம் திரும்பு. அவ்வளவுதான். தினம் சாயங்காலம் நான் மில்லு விட்டு வந்ததும் டீயைக் குடிச்சிட்டு உக்காருவோம். அவ ஆடுவா. நான் பக்கத்துல நோட்டுல எழுதிக்குவேன். எங்க மாட்டினா, எங்க தப்பிச்சா, எத்தனை செகண்டு. முதல் நாளு மூணு தடவை மாட்டினா. ரெண்டாம் நாள் ஒரு தூணைச் சுத்திச் சுத்தி ஓடுறா, இவனும் பின்னாடியே சுத்துறான். அரை மணி நேரம்! செக்குமாடாட்டம். விஜயராணி, அதான் என் வீட்டம்மா, அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்துட்டு, "ஏங்க, அவனுக்குத் தலை சுத்தாதா?"ன்னு கேக்குறா. எனக்கு வந்துச்சே கோவம்.

அந்த வாரந்தான் பாப்பா இங்கிலீஷ் பேசுற கிளாசுக்குப் போக ஆரம்பிச்சா. நான் டிவிஎஸ் வண்டியில கொஞ்சம் தள்ளியே போயிப் பாத்துட்டு வருவேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்காது. ஒரு நாள் மட்டும் நகராட்சிப் பூங்காவை மூணு சுத்துச் சுத்தினா, எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. வெயில்ல எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. ஆனா அது வேற விஷயம், பாதுகாப்பு விஷயம். நாம விளையாட்டைப் பத்தில்ல பேசிட்டிருக்கோம்.

ரெண்டாவது காவலாளி பச்சை. இவன் பின்னாடி வர மாட்டான். அவ எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பியிருக்காளோ, அதுக்கு நாலு கட்டம் முன்னாடி போய் நிப்பான். நீங்க கம்ப்யூட்டர் ஆளு, உங்களுக்குப் புரியும், இது எவ்வளவு பெரிய யோசனைன்னு. மில்லுல ஒரு பயகிட்ட சொன்னேன், கொட்டாவி விடுறான். பாப்பா ரெண்டு நாள் இவன்கிட்ட வகையா மாட்டினா. மூணாம் நாள் என்ன பண்ணினா தெரியுமா? இடது பக்கம் போற மாதிரி ஒரு நொடி திரும்பினா. பச்சைக்காரன் அலறியடிச்சிட்டு இடது பக்கம் ஓடினான். இவ பொறுமையா வலது பக்கம் போயிட்டா. அய்யோ, அந்த மூளை! சும்மா சொல்லக் கூடாது தம்பி, அன்னைக்கு எனக்குக் கோவத்தைவிடப் பெருமைதான். நோட்டுலயே எழுதி வெச்சேன், "பாப்பா கெட்டிக்காரி"ன்னு.

அப்பத்தான் ஒரு சமாச்சாரம். அவளோட மெயிலைத் தினம் நான் ஒரு தடவை பாத்துடுவேன். பாஸ்வேர்டு நான் போட்டுக் குடுத்தது, அவ பிறந்த தேதி. அது பாட்டுக்கு இருக்கு. ஒரு நாள் பாத்தா, மெட்ராஸ்ல ஏதோ ஒரு கம்பெனியிலேர்ந்து வேலை போட்டுக் குடுத்திருக்கான். ஜூன் பதினாலு சேரணும், சம்மதமான்னு கேட்டு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாப்பா இன்னும் பாக்கல போல. நான் என்ன பண்ணினேன்? சத்தம் போட்டேனா? அடிச்சேனா? எதுவும் இல்ல. நல்ல இங்கிலீஷ்ல, மரியாதையா, தங்கள் வாய்ப்புக்கு மிக்க நன்றி, குடும்பச் சூழ்நிலையால் இயலவில்லைன்னு பதில் போட்டு, அவ பேரைக் கீழ எழுதி அனுப்பிட்டேன். அவன் அனுப்பின மெயிலையும் அழிச்சேன், நான் அனுப்பினதையும் அழிச்சேன். அவ்வளவுதான். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு தப்பான ஸ்பெல்லிங் கிடையாது அதுல.

ஏன் தம்பி ஒரு மாதிரியாப் பாக்குறீங்க? தண்ணி வேணுமா?

அப்புறம் மூணாவது காவலாளி எழுதினேன். மஞ்சள். அவன் எங்கயும் ஓட மாட்டான். வாசல்லயே உக்காந்திருப்பான். பாப்பா எல்லா மிட்டாயும் தின்னுட்டு மேல வருவா, பாத்தா இவன் இருப்பான். "என்னப்பா இது"ன்னா. "வாசல்லயே உக்காந்துட்டா அப்புறம் அது விளையாட்டே இல்லப்பா. ஒருத்தரும் ஆட மாட்டாங்க." நான் சொன்னேன், "ஆடுறது நீ ஒருத்திதானே தாயி." அவ ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் "சரி, இன்னொரு தடவை போடு"ன்னா. அதுதான் பாப்பா, விட்டுக் குடுக்க மாட்டா.

இன்னொரு விஷயம் கேட்டா. அதை உங்ககிட்டச் சொல்லணும், நீங்க விஷயம் தெரிஞ்சவரு. என் காவலாளிங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வந்த வழியே திரும்பக் கூடாது. ஏன்னா திரும்பலாம்னு விட்டுட்டா, ஒரு கட்டம் முன்னாடி, ஒரு கட்டம் பின்னாடின்னு நின்ன இடத்துலயே நடுங்கிட்டு நிப்பான். பாக்க அசிங்கமா இருக்கும். அதனால திரும்புறதையே எடுத்துட்டேன். பாப்பா இதைக் கண்டுபிடிச்சிட்டா. "அப்பா, உன் பேய்க்குத் திரும்பத் தெரியலையே. தப்பான சந்துக்குள்ள நுழைஞ்சிட்டோம்னு அதுக்கே தெரிஞ்சாலும் திரும்பாதா?"

"திரும்பாது. முழுசாச் சுத்திட்டுத்தான் வரும்"னேன்.

"அது முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டா போதும், அப்படித்தான?"

"அப்படித்தான்"னேன்.

"பாவம்ப்பா"ன்னா. எதுக்குப் பாவம்? அது ஒழுங்கு. ஒருத்தன் முன்னாடி எடுத்து வெச்ச காலைப் பின்னாடி எடுத்தா அப்புறம் அவனை யாரு மதிப்பா? மில்லுல நான் போட்ட ஷிப்டை நான் இன்னைக்கு வரைக்கும் மாத்தினதில்ல. ஒரு தடவை தப்பாப் போட்டுட்டேன், ஒரே ஆளை ரெண்டு ஷிப்டுல. அப்பவும் மாத்தல. அந்த ஆளுதான் லீவு எழுதிக் குடுத்தாரு.

இதுக்கு அப்புறம் பதினோரு நாள். பாப்பா ரொம்ப அமைதியாயிட்டா. தினம் சாயங்காலம் தானே வந்து உக்காருவா. "போடுப்பா"ம்பா. ஆடுவா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு தம்பி. பிள்ளை வழிக்கு வந்துடுச்சுன்னு விஜயராணிகிட்டச் சொன்னேன். அவ மோர் கடைஞ்சிட்டு இருந்தா, தலையே நிமிரல. வேலை என்னாச்சுன்னு கம்பெனிக்கே நேரா போன் போட்டதுல அந்த மெயில் விஷயம் பாப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு, பேசி வேலையைத் திரும்பவும் வாங்கிட்டாங்கிறது எனக்கு அப்புறந்தான் தெரியும். அம்மாவும் மகளும் சேர்ந்து! பதினோரு நாள் ஒரு வார்த்தை வெளிய விடல. என்ன அழுத்தம் பாருங்க. எங்கேர்ந்துதான் இந்தப் பழக்கமெல்லாம் வருதோ.

ஜூன் பதிமூணு. முந்தின நாள் அவ மேசையில ஒரு சீட்டு கிடக்குது. மதுரை மாட்டுத்தாவணி, காலை ஏழு மணி, மெட்ராஸ் பஸ். அவ கையெழுத்து. ஆனா நான் கேட்டேனா? கேக்கல. கேட்டா உஷார் ஆயிடுவா. காலையில அஞ்சு மணிக்கே வண்டியை எடுத்துட்டு நான் முன்னாடி போயிட்டேன். மெட்ராஸ் பஸ் நிக்கிற இடத்துல, தூணு ஓரமா. ஆறு மணி, ஏழு மணி, எட்டு. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கிப் பாக்குறேன். கண்டக்டரெல்லாம் என்னை டிக்கெட் இல்லாதவன்னு நினைச்சுட்டாங்க. அஞ்சு டீ. பன்னெண்டு மணிக்கு விஜயராணி போன் பண்றா. "எங்க இருக்கீங்க? சாப்பிட வாங்க." பாப்பா எங்கடின்னு கேட்டேன். "நீங்க வண்டியை எடுத்துட்டுப் போன பத்து நிமிஷத்துல கிளம்பிட்டா. விருதுநகர் போயி ரயில் ஏறிட்டா. புளியோதரை கட்டிக் குடுத்திருக்கேன்"ங்கிறா. புளியோதரையாம்!

அந்த மாட்டுத்தாவணியில, அந்த வெயில்ல நின்னப்பத்தான் தம்பி எனக்குப் பொறி தட்டுச்சு. ரெண்டாவது காவலாளியோட கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. மூஞ்சி திரும்பின பக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. அன்னைக்கே வந்து சரி பண்ணிட்டேன்.

நாலு மாசமாச்சு. வேலையில இருக்கா, நல்லாத்தான் இருக்காளாம். என் நம்பரை அன்னைக்கே பிளாக் பண்ணிட்டா. அம்மாகிட்டத் தினம் பேசுறா. விஜயராணி மிக்சியைப் போட்டுவிட்டு அடுப்படியில பேசுவா, எனக்குக் கேக்கக் கூடாதாம். அரைக்க ஒண்ணுமே இருக்காது, சும்மா ஓடும் அந்த மிக்சி. ஒரு நாள் சண்டை போட்டேன். அப்பச் சொன்னா: "அவ ஒண்ணும் பெருசாக் கேக்கல. 'அந்த மெயில் அனுப்பினது தப்பு'ன்னு நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணுமாம். சொன்னா தீபாவளிக்கு வர்றேங்குறா." கேட்டீங்களா கதையை? பெத்தவன் பிள்ளைகிட்டத் தப்புன்னு சொல்லணுமாம். நல்ல இங்கிலீஷ் மெயில் அது. சும்மா பேச்சுக்குச் சொல்லல, நீங்க வேணாப் படிச்சுப் பாருங்க, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன்.

அதை விடுங்க. நான் சொல்ல வந்தது நாலாவது காவலாளி. இது புதுசு. பாப்பா இதை இன்னும் பாக்கல. அவளுக்கு மூணு பேரோட நடையும் மனப்பாடம். சிவப்பைத் தூரத்துல பாத்தாலே ஓடிடுவா. அப்ப என்ன பண்ணணும்? அடையாளம் தெரியாத ஆளை விடணும். நாலாவது ஆளு காவலாளி மாதிரியே இருக்க மாட்டான். மிட்டாய் மாதிரி இருப்பான். சும்மா வழியில கிடப்பான், யாரோ எவரோன்னு. அவ நம்பிக் கிட்ட வந்ததும் லபக். எப்படி? நாலு ராத்திரி யோசிச்சேன் இதுக்கு. இதை அவகிட்டக் காட்டத்தான் போறேன் மெட்ராஸுக்கு. வேற எதுக்கும் இல்ல. அவ ஆபீஸ் எந்தத் தெருன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன்.

தம்பி. ஒரு சின்ன உதவி. உங்க போன்லேர்ந்து ஒரு கால் போட முடியுமா?

இல்ல இல்ல, நான் பேசப் போறதில்ல. நீங்கதான் பேசணும். கூரியர்லேர்ந்து பேசுறோம், பார்சல் வந்திருக்குன்னு சொன்னா போதும். அவ "ஹலோ, யாரு?"ன்னு சொல்லுவா. அதைக் கேட்டுக்கிறேன். அவ்வளவுதான் எனக்கு வேணும். நாலு மாசமா அவ குரலு கேக்கல தம்பி. மிக்சி சத்தந்தான் கேட்டுச்சு. வீட்டுல அவ செருப்பு இன்னும் ஒரு ஜோடி கிடக்கு, அதைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போறேன். தூக்கி வைக்கவும் மனசில்ல, பாக்கவும் முடியல. ஒரு ஹலோ. உங்களுக்கு என்ன போச்சு?

நல்ல பிள்ளை நீங்க. நம்பர் சொல்றேன், போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க, மெதுவா, அந்தப் பக்கத்து சீட்டு ஆளு திரும்பிப் பாக்குறான். ரிங் போகுது. போகுது. நான் மூச்சே விட மாட்டேன்.

கேட்டீங்களா! "ஹலோ"ங்கிறா! சளி பிடிச்சிருக்கு பிள்ளைக்கு, குரலு கம்மியிருக்கு பாருங்க. பேசுங்க, பேசுங்க, கூரியர்னு சொல்லுங்க.

என்ன சொல்றா? பஸ்ஸு சத்தத்துல விழல. "அப்பா பக்கத்துல இருக்காரா"ங்கிறாளா? நான் இருமக்கூட இல்லையே! இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளா? அதெல்லாம் கணக்கு வெச்சிருக்காளா? இல்லன்னு சொல்லுங்க தம்பி, நான் இல்லன்னு சொல்லுங்க.

ஏன் தம்பி இருக்காருன்னு சொல்லிட்டீங்க!

போனை என்கிட்ட நீட்டாதீங்க. என்னங்கிறா? "அப்பா, நான் வைக்க மாட்டேன். நீ சொல்ற வரைக்கும் இப்படியே இருக்கேன்"னா? அப்படியா சொன்னா? அழுதுக்கிட்டா சொன்னா, சும்மாவா சொன்னா? சும்மாவா. சரி. சரி, இருக்கட்டும்.

இன்னும் இருக்காளா? லைன்லதான் இருக்கா. அந்த நம்பர் ஓடுது பாருங்க, ஐம்பது, ஐம்பத்தொண்ணு. அவ மூச்சு விடுறதுகூட எனக்குக் கேக்குற மாதிரி இருக்கு. ஏதாவது பேசுங்க தம்பி நீங்க, உங்க ஊரு மழையைப் பத்திப் பேசுங்க. அந்த வார்த்தை இங்க வரைக்கும் வருது, வெளிய வர மாட்டேங்குது. எவ்வளவு நேரம் நிப்பா? ஆபீஸ்ல வேலை இருக்காதா அவளுக்கு? வெச்சிட்டுப் போக வேண்டியதுதான? போகச் சொல்லுங்க. சிக்னல் இல்லன்னு சொல்லிக் கட் பண்ணுங்க. ஏன் பண்ண மாட்டேங்கிறீங்க? குடுங்க இங்க, சிவப்பு பட்டன் எது, இதுவா.

அமுக்கிட்டேன். அப்பாடா.

இந்த ரோட்டுல எப்பவும் இப்படித்தான் தம்பி, டவரே கிடைக்காது. நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளை குரலைக் கேட்டாச்சு, போதும். சளி பிடிச்சிருக்கு, அதை மட்டும் விஜயராணிகிட்டச் சொல்லிக் கஷாயம் வைக்கச் சொல்லணும். எங்கேர்ந்து வைக்கிறது, அவ மெட்ராஸ்ல இருக்கா.

உங்க போன் அடிக்குது பாருங்க.

அவளா? அவளேதானா? எடுக்காதீங்க. தம்பி, எடுக்காதீங்க. நான் இறங்கிட்டேன்னு சொல்லுங்க. கேரியர்லேர்ந்து அந்தப் பையை எடுத்துக் குடுங்க, சீக்கிரம். கண்டக்டர் சார்! கண்டக்டர் சார், விசில் அடிங்க! மெட்ராஸ் டிக்கெட்டுதான், பரவாயில்ல, நான் இங்கயே இறங்கிக்கிறேன்!